வாயைத் திறந்து பாடிய தவளை

கருவேலங்காட்டுக் குளத்தின் கரையோரம் யானை முதுகு போல ஒரு பாறை இருந்தது. அதன் உச்சியில் உட்கார்ந்து பாடும் உரிமை முழவன் என்ற பெருந்தவளைக்கு மட்டும்தான்.

முழவன் பாடும்போது வாயைத் திறக்கவே மாட்டான். தொண்டைக்குக் கீழே இருக்கும் பையைப் பலூன் மாதிரி உப்ப வைப்பான். பிறகு எங்கோ தூரத்தில் இடி உருள்வது போல ஒரு சத்தம் வரும். அது தண்ணீருக்கு மேலே மட்டும் போகாது, தண்ணீருக்கு அடியிலும் போகும். சேற்றில் படுத்திருக்கும் ஆமைக்கு ஓடு அதிரும். எருமைக்குக் காது மடல் சிலிர்க்கும். அக்கரையில் இருக்கும் தவளைப் பெண்கள், "யாருடி அது!" என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

அப்படிக் கேட்டுவிட்டுக் குளத்தின் குறுக்கே நீந்தி வந்தவள்தான் ஆம்பல். வந்தவள் திரும்பிப் போகவில்லை. முழவனைக் கட்டிக்கொண்டு இக்கரையிலேயே தங்கிவிட்டாள்.

மழைக்காலத்தில் குளம் நிரம்பித் தண்ணீர் கலிங்கு வழியே வழிந்தோடும் நாளை அந்தக் காட்டில் 'மறுகால் நாள்' என்பார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் தின்னக்கூடாது. அது காட்டுச் சட்டம். அன்று கொக்கும் தவளையும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கச்சேரி கேட்பார்கள். கொக்குக்கு லேசாக எச்சில் ஊறும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

கச்சேரிக் குழுவுக்குத் தலைவன் கொண்டையன் என்ற மரங்கொத்தி. பட்டமரத்தில் அலகால் கொத்தித் தாளம் போடுவான். சில்வண்டுகள் கம்பி மீட்டுவது போல ரீங்கரிக்கும். பாறை உச்சியில் முழவன் பாடுவான். வருஷா வருஷம் இப்படித்தான் நடந்தது. எல்லோருக்கும் திருப்தியாகத்தான் இருந்தது, இமயன் மாஸ்டர் வந்து இறங்கும்வரை.

இமயன் ஒரு வாத்து. வடக்கே, பனிமலைக்கும் அந்தப்புறம் இருந்து பறந்து வந்தவர். தலையில் இரண்டு கருப்புப் பட்டைகள் இருக்கும். தெரியாதவர்களுக்குக்கூட அதைப் பார்த்தால் படித்த தலை என்று தோன்றும். வெளியூரிலிருந்து வந்தவர் ஆயிற்றே! இறங்கிய அன்றைக்கே எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முழவன் ஒத்திகை பார்ப்பதை மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா இன்னும் இங்கேயேதான் நிக்கிறீங்களா? உலகம் எங்கேயோ போயிடுச்சே!"

கொண்டையன் கொத்துவதை நிறுத்தினான். "எங்கே போயிடுச்சு மாஸ்டர்?"

"மேலே! அங்கெல்லாம் இப்ப ராக் பாட்டுதான். தாளம் இடி மாதிரி விழணும். குரல் மின்னல் மாதிரி மேலே போகணும். மேலே, மேலே, இன்னும் மேலே! கேக்கிறவன் காதைப் பொத்திக்கிட்டே கை தட்டணும்!"

"காதையும் பொத்திக்கிட்டுக் கையும் எப்படித் தட்டுறது?" என்று முயல் கேட்டது.

"உனக்குத்தான் கஷ்டம். எங்களுக்குக் கால் நிறைய இருக்கு," என்றது நண்டு.

மாஸ்டர் அங்கே கேட்ட ஒரு பாட்டை முனகிக் காட்டினார். "காட்டுத் தீயில நிக்கிறேன், காப்பாத்து! காத்துல கரைஞ்சு போறேன், காப்பாத்து!" என்று போகும் பாட்டு அது. கடைசியில் வரும் 'காப்பாத்து' மட்டும் வானத்தைக் கிழிக்க வேண்டுமாம். மாஸ்டர் அந்த இடம் வந்ததும், "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. இல்லேன்னா பாடிக் காட்டியிருப்பேன்," என்று நிறுத்திக்கொண்டார்.

"யாரு யாரைக் காப்பாத்தணும்?" என்று ஆம்பல் கேட்டாள்.

"அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா. அது ராக்."

அன்று முதல் குளத்தில் வேறு பேச்சே இல்லை. ராக்கை ஒருமுறைகூடக் கேட்காதவர்களுக்குத்தான் அதன் மேல் ஆசை அதிகம். ஆமைகூட, "இந்த வருஷமாவது புதுசா ஏதாச்சும் பண்ணுங்கப்பா," என்றது.

கொண்டையன் முழவனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மறுகால் நாளைக்கு அந்த உச்சத்தை உங்களாலே தொட முடியுமா?"

"முடியலேன்னா?"

"முடியலேன்னா பாறை உச்சியைத் தோகையப்பனுக்குக் கொடுக்க வேண்டியதுதான். அவனுக்குப் பிறவியிலேயே கீச்சுக்குரல். கூடவே அந்தத் தோகை வேற!"

தோகையப்பன் பக்கத்துப் புளியமரத்தில் வாழும் மயில். பாடியதே கிடையாது. பாடினால் எப்படி இருக்கும் என்று தன் தோகையை வைத்து எல்லோரையும் யோசிக்க வைத்திருந்தான்.

முழவன் பாறையை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பாறை உச்சி இல்லாவிட்டால் அவன் யார்? குளத்தில் இருக்கும் ஏராளமான தவளைகளில் ஒரு குண்டுத் தவளை. அவ்வளவுதான்.

"தொட்டுடறேன்," என்றான்.

குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கலிங்கைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அது தொடுவதற்குள் முழவன் உச்சத்தைத் தொட்டாக வேண்டும். அவன் நேராக இமயன் மாஸ்டரிடம் போனான்.

"முதல் பாடம் மூச்சு," என்றார் மாஸ்டர். "உச்சம் தொண்டையிலிருந்து வராது. வயித்திலிருந்து வரும். மூச்சை அடிவயிறு வரைக்கும் நிரப்பு!"

முழவன் நிரப்பினான். வயிறு உப்பியது. உப்பிய வயிறோடு தண்ணீரில் இறங்கினான். அப்படியே மல்லாந்து மிதந்தான். முங்க முடியவில்லை, திரும்ப முடியவில்லை. காற்று அடித்த பக்கமெல்லாம் போனான். கடைசியில் எருமையின் மூக்கில் போய் முட்டி நின்றான்.

"என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்று எருமை கவலையோடு கேட்டது.

"இது பயிற்சி," என்றான் முழவன், வானத்தைப் பார்த்தபடி.

"அடுத்த பாடம் கழுத்து," என்றார் மாஸ்டர். "கழுத்தை இறுக்கினா குரல் உடையும். என்னைப் பார். இப்படி நீளமா நீட்டணும்."

"எதை நீட்டுறது மாஸ்டர்?"

"கழுத்தை!"

"அது இருந்தா நீட்ட மாட்டேனா?"

மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். தலை இருந்தது. அதற்கு அடுத்தபடியாக உடம்பு இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"இருக்கிறதா நினைச்சுக்கிட்டு நீட்டு," என்றார். "பாதி வித்தை மனசுலதான் இருக்கு."

முழவன் இல்லாத கழுத்தை நீட்டினான். முதுகு வலித்தது. முன்னேற்றம் தெரிகிறது என்று மாஸ்டர் சொன்னார்.

"இதுதான் ரொம்ப முக்கியம்," என்று மூன்றாவது பாடத்தை ஆரம்பித்தார். "நீ ஏன் வாயை மூடிக்கிட்டுப் பாடுறே?"

முழவன் திகைத்தான். அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. "தவளைங்க எல்லாம் அப்படித்தான் மாஸ்டர் பாடுவோம். காத்து உள்ளேயே சுத்தும். பை உப்பும். சத்தம் பையிலேருந்து வரும்."

"அதான் பார்த்தேன்! கதவைச் சாத்திக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டா யாரு வருவா? திற வாயை! நல்லாத் திற! தாடை தொங்கணும்!"

முழவன் வாயைத் திறந்தான். மூச்சை விட்டான்.

"ஹா," என்று காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ அந்தப் பக்கமாகப் போனது. முழவனின் நாக்கு அவனைக் கேட்காமலே பாய்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பாடும்போது சாப்பிடாதே!" என்று மாஸ்டர் கத்தினார்.

"நான் சாப்பிடலே மாஸ்டர். அதுவா வந்துடுச்சு!"

"இனிமே கச்சேரி முடியறவரைக்கும் பூச்சியே தொடக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு தொண்டைக்கு ஆகாது."

முழவன் பூச்சி தின்பதை விட்டான். கரைக்குப் பின்னால் இருக்கும் தாழம்புதருக்குள் போய் நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து கத்திப் பார்த்தான். முதலில் காற்று வந்தது. பிறகு உராய்கிற சத்தம் வந்தது. பிறகு, எண்ணெய் காணாத கிணற்று உருளை திரும்புவது போல ஒரு கிறீச் வந்தது. அது உச்சமில்லை. உச்சத்துக்குப் போகும் வழியில் கால் தடுக்கி விழுந்த சத்தம்.

நாளாக நாளாக வேறொன்றும் நடந்தது. பழைய குரல் போக ஆரம்பித்தது. ஒருநாள் பழக்கதோஷத்தில் வாயை மூடிப் பையை உப்ப வைத்துப் பார்த்தான். இடி வரவில்லை. ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி புஸ்ஸென்று வந்தது. முழவனுக்குச் சில்லென்றது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான்.

ஆம்பல் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, போதுங்க," என்றாள். "இளைச்சுப் போயிட்டீங்க. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவ்வளவு தண்ணியை நீந்தி வந்தேன். எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும். குளத்துக்குப் போதலையே!"

"குளமா உங்களைக் கட்டிக்கிச்சு?"

"நீ உலகம் தெரியாதவ. அங்கெல்லாம்..."

"அங்கெல்லாம் நீங்க எப்பப் போனீங்க?"

பதில் இல்லாத புருஷன் செய்வதைத்தான் முழவனும் செய்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழம்புதருக்குப் போனான்.

ஆம்பலும் கோபித்துக்கொண்டு அக்கரையில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்கு நீந்திப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கலிங்கு வழியே தண்ணீர் வழிந்தது. காடு முழுக்கச் செய்தி பரவியது. "மறுகால் பாயுது! மறுகால் பாயுது!"

மத்தியானத்துக்குள் கரை நிறைந்துவிட்டது. வானம் மூடி, தூறல் விட்டு விட்டுப் போட்டது. நாரைகள், கொக்குகள், முயல்கள், நண்டுகள், கீரிகள் எல்லாம் வரிசை வரிசையாக உட்கார்ந்தன. எருமை மட்டும் தண்ணீரிலேயே படுத்துக்கொண்டது. தோகையப்பன் பாறைக்கு அருகில், எல்லோர் கண்ணிலும் படும்படி, யார் கண்ணிலும் படாதவன் போல நின்றான்.

முழவன் மாஸ்டரிடம் ஓடினான். "மாஸ்டர், இன்னும் வரலே. கிறீச்சுன்னுதான் வருது."

"வரும்," என்றார் மாஸ்டர். "மேடையிலே வரும். உனக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். வேதனை! நீ இத்தனை வருஷமா நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கின தவளை. யாரோ உன்னைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி நினைச்சுக் கத்தணும். அப்புறம், நீ எடுத்த எடுப்பிலே பாறையிலே ஏறக்கூடாது. அங்கெல்லாம் முதல்ல குரல் வரும். ஆள் பிறகுதான் வரும். தாழம்புதருக்குள்ளே நின்னு ஒரு உச்சத்தைப் போடு. கூட்டம் ஆடிப்போகும். அப்புறம் ஏறு!"

முழவன் புதருக்குள் போனான்.

புதருக்குள் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஒரு சாரைப்பாம்பு. மறுகால் தண்ணீர் புற்றுக்குள் புகுந்துவிட்டதால் மேட்டைத் தேடி வந்திருந்தது. வீடும் போய், காலையிலிருந்து வயிற்றுக்கும் ஒன்றும் இல்லாமல் கிடந்தது. முழவன் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, இல்லாத கழுத்தை நீட்டி, வேதனையை நினைத்துக்கொண்டிருந்தான்.

வேதனை வந்தது. பின்னங்காலில் வந்தது.

முழவன் கண்ணைத் திறந்தான். வலது கால் தொடை வரைக்கும் சாரையின் வாய்க்குள் இருந்தது.

"இன்னிக்கு மறுகால் நாள்!" என்றான் முழவன் பதறி. "யாரும் யாரையும் தின்னக்கூடாது!"

"சட்டம் கரைக்குத்தான்," என்றது சாரை, வாய் நிறையக் காலை வைத்துக்கொண்டு. "புதர் கணக்கிலே வராது."

அப்போதுதான் முழவன் கத்தினான்.

மூச்சு வயிற்றிலிருந்து வருகிறதா என்று அவன் பார்க்கவில்லை. தாடை தொங்குகிறதா என்று பார்க்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. அவன் பிறந்ததிலிருந்து அவனுக்குள் இருந்தும் ஒருநாளும் வெளியே வராத ஒரு குரல் வந்தது. "காப்பாத்து!"

அது மேலே போனது. தாழைமடலுக்கு மேலே போனது. புளியமரத்துக்கு மேலே போனது. மேகத்தில் போய்க் குத்தி நின்றது.

பிறகு கூட்டம் வெடித்தது. "அடேங்கப்பா!" நாரைகள் சிறகடித்தன. நண்டுகள் எல்லாக் காலையும் தட்டின. ஆமை தன் வாழ்நாளில் முதல் முறையாக அவசரமாக எழுந்து நின்றது.

"தொட்டுட்டான்! அண்ணன் தொட்டுட்டான்!" கொண்டையன் பட்டமரத்தில் பாய்ந்து தாளத்தை ஆரம்பித்தான். சில்வண்டுகள் சேர்ந்துகொண்டன.

"காப்பாத்து! ஐயோ, காப்பாத்து!"

"பாவத்தைப் பாருங்க, பாவத்தை!" என்று ஒரு கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நெஞ்சைப் பிடிச்சு உலுக்குது!"

முழவன் கத்தக் கத்தக் கொண்டையனின் தாளம் வேகம் பிடித்தது. தாளம் வேகம் பிடிக்கப் பிடிக்கச் சாரையும் வேகம் பிடித்தது. இப்போது கால் இடுப்பு வரைக்கும் உள்ளே போயிருந்தது. இதைப் பாட்டு என்று நினைக்கும்வரை யாரும் வரமாட்டார்கள் என்று முழவனுக்குப் புரிந்தது. ஆனால் இது பாட்டு இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

"பாம்பு!" என்று கத்தினான். "பாம்பு! பாம்பு!"

"புது வரி!" என்று கூவினார் இமயன் மாஸ்டர். "நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை! தானா வருது!"

கூட்டம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. "பாம்பு! பாம்பு!" என்று கரை முழுவதும் சேர்ந்து பாடியது. கீரிகள் கூட்டமாக ஆடின. பாம்பு என்றால் பாயும் கீரிகள்தான்! அன்றைக்கு அவை இடுப்பை வளைத்து ஆடின.

அக்கரையில் இருந்த ஆம்பல் மட்டும் ஆடவில்லை. முதல் குரல் கேட்டவுடனே அவள் தண்ணீரில் குதித்துவிட்டாள். குளமோ நிரம்பிக் கிடந்தது. அவள் ஒரு சின்னத் தவளை. நீந்தி வந்து, கூட்டத்தின் கால்களுக்கு இடையில் புகுந்து புகுந்து கத்தினாள். "அது பாட்டில்லீங்க! யாராவது போய்ப் பாருங்க! அது பாட்டில்லே!"

"உஷ்!" என்றது முயல். "கேக்க விடும்மா!"

"அவர் சாகப் போறாருங்க!"

"ஆமா, நாங்களும்தான் செத்துட்டோம்," என்றது நாரை, சொக்கிப்போய். "என்னா குரல்!"

அந்தக் கூட்டத்தில் கைதட்டாதவர் ஆம்பலைத் தவிர இன்னும் ஒருவர் இருந்தார். தோகையப்பன்.

அவனுக்கு வயிறு எரிந்தது. பாறை உச்சி இன்று தனக்குத்தான் என்று முடிவு செய்து, தோகையை இரண்டு முறை கோதிவிட்டு வந்திருந்தான். 'இந்தக் குண்டுத் தவளைக்கு இந்த உச்சமா? நேத்து வரைக்கும் கிணத்து உருளை மாதிரி கத்திக்கிட்டிருந்தான். இதிலே ஏதோ தில்லுமுல்லு இருக்கு. புதருக்குள்ளே வேற யாரையோ ஒளிச்சு வெச்சுப் பாட விடுறான்! இழுத்து வெளியே போடறேன், எல்லாரும் பார்க்கட்டும்!'

கழுத்தை நீட்டி, தாழைமடலை விலக்கி, எட்டிப் பார்த்தான்.

புதருக்குள் உண்மையாகவே இன்னொருவர் இருந்தார்.

மயிலின் அலகைத் தலைக்கு நேர் மேலே பார்த்ததும் சாரைக்குச் சட்டமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "நான் சும்மா... பாட்டு கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றது. அதைத் தெளிவாகச் சொல்ல வாயை நன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. திறந்த வாயிலிருந்து முழவன் வழுக்கி விழுந்தான். சாரை வந்த வழியே மறைந்தது.

முழவன் சேற்றில் கிடந்து மூச்சு வாங்கினான். "என்னைக் காப்பாத்த வந்தியா தோகையப்பா?"

"இல்லப்பா," என்றான் தோகையப்பன். அதிர்ச்சியில் உண்மை வந்துவிட்டது. "உன் தில்லுமுல்லைக் கண்டுபிடிச்சு நாறடிக்க வந்தேன்."

"நல்லவேளை," என்றான் முழவன். "நீயும் என்னைப் பாராட்டியிருந்தா நான் செத்திருப்பேன்."

நொண்டிக்கொண்டே அவன் புதரை விட்டு வெளியே வந்தபோது கரை அதிர்ந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" ஆம்பல் மட்டும் ஓடி வந்து அவன் காலைப் பார்த்தாள். தொடையில் பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவள் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இமயன் மாஸ்டர் சிறகை விரித்துக்கொண்டு வந்தார். "நான் என்ன சொன்னேன்? வாயைத் திற, வேதனையைக் கொண்டு வா! ரெண்டையும் செஞ்சே, பார்த்தியா! அடுத்த வருஷம் நான் வரும்போது உன்னை அங்கே கூட்டிட்டுப் போறேன்."

"மாஸ்டர், பாம்பு என் காலைப் பிடிச்சிருந்தது. நிஜப் பாம்பு."

"அப்படியா?" மாஸ்டர் யோசித்தார். "அதை நான் பாடத்திலே சேர்த்திருக்கலாம்."

கொண்டையன் பறந்து வந்து இறங்கினான். மூச்சு வாங்கியது. "அண்ணே! இனிமே பாறை உச்சி உங்களுக்குத்தான். ஆயுசுக்கும்! தோகையப்பனாவது, ஒருத்தனாவது! ஒரே ஒரு கண்டிஷன். ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த உச்சத்தைக் கொடுத்துடணும்."

முழவன் நடந்ததை அவனுக்கு முதலிலிருந்து சொன்னான். புதர், பாம்பு, கால், இடுப்பு, மயில். கொண்டையன் கொண்டை ஆடாமல் கவனமாகக் கேட்டான். முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு அண்ணே. கேக்கறதுக்கே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தச் சாரை எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்தீங்களா? கச்சேரிக்குக் கச்சேரி வந்துட்டுப் போகச் சொன்னா, முழுங்காம சும்மா பிடிச்சுக்கிட்டா மட்டும் போதும்னா, ஒத்துக்குமா?"

முழவன் அவனைப் பார்த்தான். பிறகு பாறை உச்சியைப் பார்த்தான். அது மழையில் நனைந்து பளபளவென்று இருந்தது. இத்தனை நாளும் அதில் ஏறாவிட்டால் செத்துவிடுவோம் என்றல்லவா நினைத்திருந்தான்!

"தோகையப்பனைக் கூப்பிட்டுக்க கொண்டையா," என்றான்.

தோகையப்பன் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே பாதிப் பாறை ஏறியிருந்தான். உச்சிக்குப் போனான். தோகையை விரித்தான். வாயைத் திறந்து ஒரு கத்து கத்தினான். நல்ல உச்சம்தான். கூட்டம் அதற்கும் அதே அளவு கைதட்டியது. முழவனுக்குக் கொஞ்சம் வலித்தது, காலில் இல்லை.

ஆம்பல் அவனை நீரோரம் கூட்டிக்கொண்டு போனாள். அவன் பழைய குரல் திரும்புவதற்கு அந்த மழைக்காலம் முழுவதும் ஆனது. திரும்பிய பிறகும் அவன் பாறையில் ஏறவில்லை. தண்ணீருக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஆம்பலுக்குக் கேட்டால் போதும் என்ற அளவுக்குத்தான் பாடினான். சேற்றுக்குள் ஆமைக்கும் ஓடு அதிர்ந்தது. ஆனால் புது ரசனைக்காரர்கள் முன்னால் ஆமை அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் தோகையப்பன் உச்சத்தில் கத்துவான். கரை முழுவதும் கை தட்டும். முழவன் மட்டும் தட்ட மாட்டான். எம்பிக் குதித்து, பாறையின் அந்தப்புறம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவான்.

"என்னங்க?" என்று ஆம்பல் கேட்பாள்.

"ஒண்ணுமில்லே. பாட்டுதான்," என்பான் முழவன்.

கைதட்டலுக்காகக் கத்திப் பழகியவனுக்கு, உயிருக்காகக் கத்தும்போதும் கிடைப்பது கைதட்டல்தான்.